ஊதாப் பூக்கண்டு: மாரித் தண்ணியையும் கோடையையும் சேர்த்துத் தாங்கிறது எது?

வளவுக்காரி (கிளிநொச்சி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்பக்கத்தில 12 அடி நீளம், 3 அடி அகலத்தில ஒரு பாத்தி. அதுக்குப் பின்னால 40 அடி கம்பி வேலி. ரெண்டிலயும் ஊதாப் பூ பூக்கிற, வருசா வருசம் புதுசா நடத் தேவையில்லாத கண்டு வைக்க விருப்பம்.

கனடாவில இருந்து ரெண்டு விதைப் பக்கெற் வந்தது, ஒண்டு லாவெண்டர், மற்றது எக்கினேசியா. ரெண்டிலயும் "ஹார்டி பெரெனியல்", அதாவது தாங்கிப் பல வருசம் நிக்கிற செடி எண்டு போட்டிருக்கு. ஆவணியில பொலித்தீன் பையில போட்டன். லாவெண்டர் ஒண்டும் முளைக்கேல்லை. எக்கினேசியா 30 விதையில 4 முளைச்சு, மூண்டாவது இலை வர முதலே தண்டடி கறுத்துச் சரிஞ்சிட்டுது.

மண் செங்கபிலம். காய்ஞ்சால் அலவாங்கு போட்டுத்தான் கிண்டலாம், நனைஞ்சால் மம்பட்டியோட ஒட்டிக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழியில பாத்திப் பக்கம் ரெண்டு மூண்டு நாள் தண்ணி வடியாமல் நிக்கும். ஆனி தொடக்கம் புரட்டாதி வரை கிணறு கீழ போயிடும், பூக்கண்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாளி, கிட்டத்தட்ட 20 லீற்றருக்கு மேல தர ஏலாது. ரோட்டில ஆடு மாடு திரியும். மிச்ச விதையை முளைக்க வைக்க வழி இருக்கோ? இல்லாட்டில் வேற என்ன வைக்கலாம்?

கதியால் (மாங்குளம்) எழுதினது:

தங்கச்சி, பிழை உங்கட கையில இல்லை, அந்தப் பக்கெற்றில இருக்கிற சொல்லில. அங்க "ஹார்டி" எண்டால் உறைபனியைத் தாங்கும் எண்டு மட்டும்தான் கருத்து. பக்கெற்றுக்குப் பின்னால "வலயம் 5" மாதிரி ஒரு இலக்கம் இருக்கும், பாருங்கோ. அது அந்த இடத்தில வருசத்தில வாற ஆகக் கடுமையான குளிரின்ர கணக்கு. 5 எண்டால் பூச்சியத்துக்குக் கீழ 23 தொடக்கம் 29 பாகை வரை. வெயிலைப் பற்றியோ, வேரில தண்ணி நிக்கிறதைப் பற்றியோ அந்த இலக்கம் ஒண்டும் சொல்லாது. வன்னியில தை மாத விடியப்புறம்கூட 20 பாகையை ஒட்டித்தான். எங்களுக்கு வேண்டிய தாங்குசக்தி வேற: நாலு மாசம் மழையில்லாமல் நிக்கவும் வேணும், ரெண்டு மாசம் ஈரத்தில வேர் அழுகாமல் நிக்கவும் வேணும். ஒண்டை மட்டும் தாங்கிறது கனக்க இருக்கு. ரெண்டையும் தாங்கிறது குறைவு.

விதை ஏன் முளைக்கேல்லை எண்டால், எக்கினேசியா வட அமெரிக்காவின்ர புல்வெளிச் செடி. விதை அங்க குளிர்கால ஈர மண்ணுக்குள்ள கிடந்து, குளிர் போனாப் பிறகுதான் கண் திறக்கும். அதை இங்க செய்ய விருப்பமெண்டால், ஈரமாக்கிப் பிழிஞ்ச ஆத்து மணலில விதையைக் கலந்து சின்னப் பையில கட்டி, குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில நாலு கிழமை வையுங்கோ. ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கக் கூடாது. லாவெண்டர் விதையையும் அப்பிடியே வைக்கலாம். விதைக்கேக்க அதை மண்ணால மூடாமல் மேலால தூவி மெல்ல அமத்தினால் காணும்.

தண்டடி கறுத்துச் சரிஞ்சது நாற்றழுகல். வளவு மண்ணை அப்பிடியே பையில நிரப்பினால் அடிவரை சேறாகி, அந்தப் பூஞ்சணம் வந்திடும். நாற்றுக்குச் சரி பாதி ஆத்து மணல், சரி பாதி சலிச்ச மக்கெரு. அதில கொதிநீர் ஊத்தி ஆறவிட்டு விதைச்சால் கனக்கத் தப்பும்.

ஆனால் முளைச்சாலும் நிக்கிறது கஷ்டம். லாவெண்டர் மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில வாற செடி. காத்தோட்டம் வேணும், வேர் காய்ஞ்சு இருக்கவேணும். எங்கட மாரிப் புழுக்கத்தில அடி இலையில இருந்து கபிலமாகி, ஒரு கிழமையில கம்பு மட்டும்தான் மிஞ்சும். வளர்த்துப் பாக்க ஆசையெண்டால் மண்சட்டியில ஒண்டு ரெண்டை வைச்சு, மழை படாமல் தாவாரத்துக்குள்ள வையுங்கோ. பாத்தியை அதுக்கு ஒதுக்காதேங்கோ.

வேலிக்கு என்ர தெரிவு நொச்சி. லாவெண்டருக்கு ஆசைப்படுறவை இதை ஒருக்கால் கிட்டப் போய்ப் பாக்கவேணும். கிளை நுனியில ஒரு சாண் நீளத்துக்கு, இளம் ஊதாவும் நீலமும் கலந்த சின்னப் பூக்கள் அடுக்கடுக்கா வரும். ஒரு பூ ஒரு உளுந்தை விடக் கொஞ்சம் பெருசு, கீழ் உதடு மட்டும் நீண்டு கடும் ஊதாவா இருக்கும். இலை ஒரு காம்பில அஞ்சு விரல் மாதிரி. மேல்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை. கசக்கினால் அந்த வாசம் கையில கன நேரம் நிக்கும். தேனீ வரும். வெள்ளாடு கூட வேற பச்சை இருக்குமட்டும் இதில வாய் வைக்காது. முக்கியமா, இது ஆத்தோரத்திலும் குளக்கட்டுக் கரையிலும் தானா நிக்கிற மரம், மாரியில கால் நனைஞ்சு கோடையில காய்ஞ்சு வளர்ற வேர். கனகராயன் ஆத்துப் பக்கம் போய்ப் பாத்தால் விளங்கும்.

நடுற விதம்: ஒரு வருசம் முத்தின, பென்சிலை விடக் கொஞ்சம் தடிச்ச கம்பு. பச்சைக் குருத்து அழுகும், கிழட்டுக் கட்டை வேர்விடச் சுணங்கும். 9 அங்குல நீளத்தில, கணுவுக்குச் சற்றுக் கீழ சரிவா வெட்டுங்கோ. மேல்நுனியை நேரா வெட்டினால் எது அடி, எது தலை எண்டு மாறாது. இலையெல்லாம் உருவி, மூண்டில ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகவேணும். பை எண்டால் நிழலில வைச்சு, நாலு தொடக்கம் ஆறு கிழமையில வேர் பிடிக்கும். துளிர் வந்த உடனை வேர் வந்திட்டுது எண்டு நம்பி இடம் மாத்தாதேங்கோ. கம்பில இருக்கிற சத்திலயே முதல் துளிர் வரும். பையின்ர அடி ஓட்டையில வெள்ளை வேர் தெரியிறவரை பொறுக்கவேணும்.

நேரா வேலியில ஊண்டுறதெண்டால் பெருவிரல் தடிப்பில 2 அடிக் கம்பு, 8 அங்குலம் மண்ணுக்குள்ள. அலவாங்கால குழி போட்டு இறக்குங்கோ. கிளுவைக் கதியால் மாதிரித் தலையில அடிச்சு இறக்கினால் தோல் உரிஞ்சு, அந்த இடத்தால அழுகல் ஏறும். ஐப்பசியில முதல் ரெண்டு நல்ல மழை பெய்து மண் ஒரு அடிக்கு நனைஞ்சாப் பிறகு ஊண்டலாம். 2 அடிக்கு ஒண்டு எண்டு 40 அடிக்கு 21 கம்பு. பத்துப் பன்னிரண்டைப் பையிலயும் போட்டு வைச்சால் பட்டுப்போனதுக்குப் பதிலா வைக்கலாம்.

நாற்றுமேடை (வவுனியா) எழுதினது:

வேலிக்கு நொச்சி எண்டதில எனக்கும் மறுப்பில்லை. பாத்தியைப் பற்றிச் சொல்லுறன்.

முதல்ல தண்ணி வடியிறதைச் சோதியுங்கோ. 1 அடி ஆழம், 1 அடி அகலத்தில குழி வெட்டி, தண்ணி நிரப்பி வத்தவிட்டு, ரெண்டாம் தரம் நிரப்பி நேரத்தைக் குறியுங்கோ. மணித்தியாலத்துக்கு 1 அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. அடுத்த நாள் அதே நேரம் பாக்கேக்கையும் தண்ணி கிடந்தால், எந்தப் பூக்கண்டையும் மட்ட மண்ணில வைக்காதேங்கோ. கோடையில இந்தச் சோதனை செய்தால் வெடிச்ச மண் தண்ணியை இழுத்து ஏமாத்தும். கார்த்திகையில செய்தால்தான் உண்மை தெரியும்.

நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் பாத்தியை 9 அங்குலம் உயர்த்தவேணும். 12 அடி, 3 அடி, முக்கால் அடி எண்டால் 27 கன அடி மண். தள்ளுவண்டி ஒண்டில ரெண்டு கன அடி எண்டு வைச்சால் 13, 14 தரம். மூண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நல்லா உக்கின மாட்டெரு, ஒரு பங்கு கருக்கின உமி. உமியைக் கரியா வாற நேரத்தில தண்ணி தெளிச்சு நிப்பாட்டவேணும், வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிய விடாதேங்கோ. பச்சை மாட்டெருவைப் போட்டால் சூட்டில வேர் கருகும், புல் விதையும் சேர்ந்து முளைக்கும்.

அதில பட்டிப்பூ (நித்தியகல்யாணி) வையுங்கோ, ஊரில தானா நிக்கிற பழைய றோஸ்-ஊதா இனம். கடையில விக்கிற பெரிய பூ ஒட்டு இனங்கள் பாக்க வடிவு, ஆனால் ஒரு மாரியோட போயிடும். ஆடு மாடு தின்னாது, கசப்பும் நஞ்சும். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டால் வாயில வைக்காமல் பாருங்கோ. விதை இருட்டில தான் முளைக்கும், அதால கால் அங்குலம் மண் மூடவேணும். தூவி விட்டிட்டு முளைக்கேல்லை எண்டு சொல்லுறவை கனபேர். ரெண்டு வரிசை, 1 அடி இடைவெளி, 24 கண்டு.

பட்டிப்பூவுக்கு வாற பெரிய கெடுதல் ஒண்டுதான்: மண் ஈரமா இருக்க, செடி தண்ணியில்லாத மாதிரி வாடும். தண்டை அடியில கீறிப் பாத்தால் கறுப்பு. இது வேரழுகல். வாடுது எண்டு இன்னும் தண்ணி ஊத்தினால் பக்கத்துச் செடியும் போகும். பிடுங்கி எரிச்சிட்டு, அந்தக் குழியில ஒரு வருசத்துக்குப் பட்டிப்பூ வைக்காமல் விடுங்கோ. நல்லா நிண்டால் தை முடிய நிலத்தில இருந்து 8 அங்குலத்தில வெட்டிவிட, மாசியில புதுக் கிளையோட பூக்கும். மூண்டு வருசத்தில அடி கட்டையாகிப் பூக் குறையும். அந்த நேரம் 4 அங்குல நுனிக் கம்பு வெட்டி மணலில வைச்சால் ஒரு மாசத்தில புதுக் கண்டு.

பாத்தியின்ர பதிஞ்ச மூலையில, தண்ணி தேங்கிற இடத்தில, றுவெல்லியா வைக்கலாம். நல்ல கடும் ஊதா. வெள்ளத்தையும் தாங்கும், காய்ச்சலையும் தாங்கும்.

முருங்கன் மண் (மன்னார்) எழுதினது:

நாற்றுமேடை அக்கா சொன்னதில ஒண்டைத் திருத்த வேண்டியிருக்கு. றுவெல்லியா ரெண்டு விதமா எங்கட பக்கம் இருக்கு. அகல இலையோட, முழங்கால் உயரத்துக்கு வந்து, காய் நனைஞ்சால் "டப்" எண்டு வெடிக்கிறது ஒண்டு. கீழ கிழங்கு மாதிரித் தடிச்ச வேர் இருக்கும், கோடையில மேல் காய்ஞ்சாலும் மழையோட திரும்பி வரும். அது விதையால பரவும், ஆனால் நிலத்துக்குக் கீழ ஓடாது. மற்றது மெக்சிக்கோப் பக்கத்தில இருந்து வந்த, மெலிஞ்ச நீட்டு இலை, கறுத்த தண்டு, 3 அடி உயரம் வாறது. அது நிலத்துக்குக் கீழ வேர்த்தண்டாலயும் ஓடும், விதையாலயும் பரவும். அமெரிக்காவின்ர புளோரிடாவில ஈர நிலங்களைப் பிடிச்சு, ஆக்கிரமிப்புக் களை எண்டு பட்டியலிட்டு வைச்சிருக்கினம். வாய்க்கால் பக்கத்து வளவில அதை வைக்கிறது வயலுக்கும் குளத்துக்கும் செய்யிற கெடுதல். தங்கச்சி, தண்ணி உங்கட பாத்தியில நிண்டு பிறகு எங்க போய்ச் சேருது எண்டு பாருங்கோ. வாய்க்காலுக்கு எண்டால் நீட்டு இலை இனம் வேண்டாம். ஆரும் கம்பு தந்தால் முதல்ல இலையைப் பாருங்கோ.

ஏற்கெனவே வைச்சிருக்கிறவை பிடுங்கேக்க மம்பட்டியால கொத்தக் கூடாது, கொத்துற ஒவ்வொரு துண்டும் ஒரு கண்டாகும். தோட்ட முள்ளுக்கரண்டியால கிளறி, வேர்த்தண்டை முழுசா இழுத்து, வெயிலில காயவைச்சு எரியுங்கோ. காய் பழுக்க முதல் செய்யவேணும்.

மண்ணைப் பற்றி ஒண்டு. களி மண்ணுக்கு மணல் போட்டால் இளகும் எண்டு நினைச்சு, ஒரு உரப்பை மணலைக் கொட்டிக் கிண்டுறவை இருக்கினம். கொஞ்ச மணலும் களியும் சேர்ந்தால் செங்கல்லுத்தான் வரும். எருவும் உமிக்கரியும் தான் களியைத் துகளாக்கும். எங்கட முருங்கன் கறுப்பு மண்ணில இது இன்னும் கடுமை. கோடையில கை போற அளவுக்கு வெடிச்சு, வெடிக்கேக்க வேரையும் அறுக்கும். அதால மூடாக்கு கட்டாயம்: வைக்கோல் 3 அங்குலம், தண்டில இருந்து 4 அங்குலம் தள்ளி. தண்டோட முட்டப் போட்டால் கறையான் வைக்கோலைத் தின்னுற சாட்டில தண்டுத் தோலையும் எடுக்கும்.

வளவுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கதியால் அண்ணை, வேலியின்ர உள்பக்கம் நீலக் காக்கணவனும் விடலாமோ? சங்குப்பூ எண்டும் சொல்லுறவை, அது ஊதா நிறத்திலயும் கண்டிருக்கிறன். மற்றது, எங்கட கிணத்துத் தண்ணி காய்ஞ்சால் வாளியில வெள்ளைப் படை பிடிக்குது. இப்ப நிக்கிற செம்பரத்தையின்ர இலையும் மஞ்சளாகுது. அது இந்தக் கண்டுகளுக்கும் வருமோ? ரெண்டு வாளித் தண்ணி இதுக்கெல்லாம் காணுமோ?

கதியால் (மாங்குளம்):

காக்கணவன் நல்ல கொடி. ஒருக்கால் வேர் ஆழம் போனால் கோடைக்குப் பயமில்லை, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் நொச்சியில ஏற விடாதேங்கோ, மூடிப் போடும். நொச்சி வேலியில ரோட்டுப் பக்கம், காக்கணவன் வீட்டுப் பக்கம் தனிப் பந்தல் கம்பியில, இடையில 4 அடி. ஆட்டுக்கு இது உயிர், தீவனமாவே வளர்க்கிற கொடி. கம்பி ஓட்டைக்குள்ளால தலை போற இடத்தில வைச்சால் ஒரு நாளில மொட்டை.

விதைத் தோல் கடினம். விதையில வெள்ளையா ஒரு தழும்பு இருக்கும், அதுக்கு எதிர்ப் பக்கத்தில நகவெட்டியால ஒரு சின்னக் கீறல். வெள்ளைப் பருப்பு கொஞ்சம் தெரிஞ்சால் காணும், ஆழமா வெட்டினால் முளை சேதமாகும். ஒரு இரவு தண்ணியில போட்டு, காலமை ஊதினதை மட்டும் அரை அங்குல ஆழத்தில விதையுங்கோ. ஊதாததைத் திரும்பக் கீறிப் போடலாம். ஐப்பசியில நேரா விதைச்சால் மழை அடிச்சு அழுகும். தை பிறந்தாப் பிறகு விதைச்சால் ஈரமும் இருக்கும், வெயிலும் இருக்கும், வைகாசிச் சோளகம் தொடங்க முதல் வேர் இறங்கியிடும். யூரியா போடாதேங்கோ, இலைதான் தழைக்கும், பூ வராது. காய் கபிலமாகி முறுகி வெடிக்க முதல் பிடுங்கினால் பூ நிக்காது. பூவை வெந்நீரில போட்டால் நீலமா வரும், தேசிக்காய் பிழிஞ்சால் ஊதாவாகும். விதையைத் தின்னக் கூடாது, வயித்தால போகும்.

தண்ணியை வாளிக் கணக்கில பாப்பம். நொச்சி 21, முதல் கோடையில கண்டுக்கு 2 லீற்றர், மூண்டு நாளுக்கு ஒருக்கால்: 42 லீற்றர், நாளுக்கு 14. பட்டிப்பூ 24, அரை லீற்றர், ரெண்டு நாளுக்கு ஒருக்கால்: நாளுக்கு 6. மொத்தம் 20 லீற்றர், உங்கட ரெண்டு வாளி சரி. காக்கணவனை முதல் கோடை முடிஞ்சு வாற தைக்கு விடுங்கோ. அப்ப நொச்சிக்குத் தண்ணி தேவைப்படாது. தினம் தினம் கொஞ்சம் தெளிக்கிறதை விட, நாள் விட்டு ஆழமா ஊத்தினால் வேர் கீழ போகும். தெளிச்சால் உப்பும் மேலயே தங்கும்.

நாற்றுமேடை (வவுனியா):

தம்பி முருங்கன் மண் சொன்னது சரி, நீட்டு இலை இனத்தை நானும் வாய்க்கால் பக்கம் வைக்கச் சொல்ல மாட்டன். அகல இலை இனத்தையே எடுங்கோ.

மஞ்சள் இலைக்கு: எந்த இலை மஞ்சள் எண்டு பாருங்கோ. குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டால், சுண்ணாம்புத் தண்ணியால இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கேல்லை. அடுப்புச் சாம்பல் போடுறதை உடனை நிப்பாட்டுங்கோ, அது இன்னும் கூட்டும். எருவும் மூடாக்கும் கூட்டி, மழைத் தண்ணியைப் பீப்பாவில பிடிச்சு இடைக்கிடை அதை ஊத்துங்கோ. அடி இலை முழுசா மஞ்சளெண்டால் தழைச்சத்துக் குறைவு, எரு காணும். இலை விளிம்பு கருகினால் உப்பு, அதுக்கு மாரி மழை கழுவிறதுதான் பெரிய மருந்து. அதுக்குப் பாத்தி வடியவேணும். நொச்சிக்கும் காக்கணவனுக்கும் இந்த மஞ்சள் கனக்க வராது, பட்டிப்பூவுக்கு வரும்.

காக்கணவன் குருத்தில அசுகுணி பிடிச்சால் 1 லீற்றர் தண்ணிக்கு 5 மில்லி லீற்றர் வேப்பெண்ணெய், கரைய ரெண்டு மூண்டு துளி திரவச் சவர்க்காரம், பின்னேரத்தில இலைக்கு அடிப்பக்கம் படத் தெளியுங்கோ. வெயிலில தெளிச்சால் இலை பொசுங்கும். றுவெல்லியாவில கறுத்த முள்ளு மயிர்ப் புழு இருந்தால் அனேகமா வண்ணத்துப்பூச்சியின்ரதாத்தான் இருக்கும். விடுங்கோ, செடி திரும்பத் தழைக்கும்.

கரையோரம் (முல்லைத்தீவு):

கடற்கரை மணலில இருக்கிறவைக்கும் ஒண்டு சொல்லுறன். அஞ்சு விரல் நொச்சிக்குப் பதிலா நீர்நொச்சி எடுங்கோ. பேர் நீரெண்டாலும் மணலிலயும் உப்புக்காத்திலயும் நிக்கும். இலை மூண்டு விரல், பூ அதே ஊதா. கம்பு நடுற விதமும் ஒண்டுதான், ஆனால் மணலில மூண்டில ரெண்டு காணாது, நுனியில ரெண்டு கணு மட்டும் வெளிய தெரிய ஊண்டுங்கோ.

வளவுக்காரி:

கடைசியா ஒண்டு. நொச்சியை எப்ப வெட்டிறது? மரமாகிப் போச்சுதெண்டால் பூ கண்ணுக்கு எட்டாதே.

கதியால் (மாங்குளம்):

முதல் வருசம் விடுங்கோ, 3 அடி வந்த உடனை நுனியை மட்டும் கிள்ளினால் அடியில கிளைக்கும். ரெண்டாம் வருசத்தில இருந்து தை கடைசியில, மண்ணில ஈரம் இருக்கேக்கையே, ஒண்டரை அடியில வெட்டுங்கோ. புதுக் கிளையின்ர நுனியிலதான் பூ, அதால வெட்ட வெட்டப் பூக் கூடும். ஆடியில வெட்டினால் வெட்டுவாயில இருந்து கம்பு கீழ்நோக்கிக் காயும், அந்தக் காய்ஞ்ச கம்பால கறையான் இறங்கும். கத்தி கூரா இருக்கவேணும், தோல் நார் நாராக் கிழியக் கூடாது. வெட்டினதில பென்சில் தடிப்பானதைக் கம்புக்கு எடுத்திட்டு, மிச்ச இலையை நிழலில காயவைச்சு நெல்லு மூட்டைக்குள்ள போடுங்கோ, அந்து அண்டாது.